துவக்கு அண்ணையின் சிவப்புப் பொட்டு

ஒரே நாளில் பிறந்த என் இரண்டு ஆண்பிள்ளைகளில் இளையவனின் காலைப் பிடித்து ஏன் அந்த நகத்தில் சிவப்புப் பூசினேன்? மூத்தவனின் கால் ஏன் என் கைக்கு வரவில்லை? பிள்ளைகளுக்கு இப்போது ஐந்து வயது. இந்தக் கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூசச் சொன்னது, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்த்துப்போன ஜெர்மன் மருத்துவிச்சி. ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பட்டிகளை வெட்டி எறிந்த அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இரண்டும் ஒரே முகம், ஒரே அழுகை. ஒருவனுக்கே இரண்டு தரம் பால் கொடுத்துவிட்டு மற்றவனைப் பட்டினி போட்டுவிடுவேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "இது பெரிய விஷயமில்லை, ஒருவனின் கால்நகத்தில் நகப்பூச்சு வையுங்கள்" என்றாள் அவள். கலியாணத்துக்கு வாங்கிய சிவப்புக் குப்பி அலுமாரியில் இருந்தது. எடுத்தேன், பூசினேன். இளையவன் கொஞ்சம் எடை குறைவு. பால் குடிக்கவும் மினக்கெட்டான். அதனால்தான் அவன் காலை எடுத்தேனா, அல்லது அவன் என் பக்கம் கிடந்ததாலா? நினைத்துப் பார்க்கிறேன். நினைவில் அந்தச் சின்னக் கால் மட்டும்தான் வருகிறது.

அந்தச் சிவப்பைப் பார்த்து முதலில் சிரித்தவர் கீழ்வீட்டு அண்ணை. கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் நாங்கள் மூன்றாம் மாடி, அவர் குடும்பம் முதலாம் மாடி. இரட்டை வண்டிலை மாடிப்படியால் இறக்க வழியில்லாமல் நான் நின்ற ஒரு நாள், முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கி வந்தவர் காலைக் கண்டுவிட்டார்.

"என்ன தங்கச்சி, இவனுக்கு மட்டும் கியூட்டெக்ஸ்?"

"ஆர் ஆரெண்டு தெரியேல்லை அண்ணை. அடையாளத்துக்கு."

"அட, நானும் இதைத்தான் செய்யிறனான். என்ர மனுசியின்ர குப்பியில களவெடுத்து." அவர் சிரித்தார். "சந்தேகமான மகசினுக்கு அடியில ஒரு சிவப்புப் பொட்டு."

மகசின் என்றால் கைத்துவக்குக்குள் ரவைகளை அடுக்கிச் செருகும் தகரக்கூடு என்பது எனக்கு அப்போது தெரியாது. மேலே வந்து என் கணவரைக் கேட்டேன். இவரும் அந்த அண்ணையும் ஒரே இரும்புச் சாமான் தொழிற்சாலையில் வேலை. "அந்தாள் துவக்குச் சுடுற கிளப்பில மெம்பர். தெரியாதே உனக்கு?" என்றார் இவர்.

இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவருக்குத் துவக்கு அண்ணை என்று பெயர். கோயில் மண்டபத்தில், பிறந்தநாள் வீடுகளில் அவரை வைத்துப் பகிடி விடுவார்கள். "நாங்கள் வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்தம், இவர் காசு கட்டி வெடிச்சத்தம் கேக்கிறார்." அவர் கோபிக்க மாட்டார். "நீங்கள் கேட்டது ஆரோ சுட்ட சத்தம். இது நான் சுடுற சத்தம், அதுதான் வித்தியாசம்" என்பார். அதற்கு மேல் ஊர்க்கதை அவர் வாயில் வராது. நானும் கேட்கவில்லை.

அவர் நன்றாகச் சுடுகிறவர் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. சுமார்தானாம். ஆனால் கிளப்பில் யாராவது பழைய துவக்கு வாங்கப் போனால் இவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எந்தக் கொம்பனி திறம், எது சுத்துமாத்து என்று ஜெர்மன்காரர் பியர்க் குவளையோடு சண்டை பிடிக்கும்போது இவர் மூன்று கேள்வி மட்டும் கேட்பாராம். எங்களிடம் தமிழிலும் அதையேதான் கேட்பார்.

"எந்த வருஷத்துத் துண்டு? என்ன ரவை போட்டது? ஆற்றை கை?"

எந்த வருடம் செய்தது, எந்த ரவை, யாருடைய கை சுட்டது என்று தெரியாமல் கொம்பனியின் பெயரை மட்டும் அவர் நம்பவே மாட்டார். பெயர்போன கொம்பனி கைமாறியிருக்கும், மெசின் மாறியிருக்கும், கடைசலில் செய்த உறுப்பை வார்த்துச் செய்யத் தொடங்கியிருப்பார்கள், பெயர் மட்டும் அப்படியே இருக்கும். புதிதாக ஒரு மாதிரி வந்தால் முதல் வருடத்துத் துண்டை வாங்கக் கூடாது. "அரசாங்க முத்திரை குத்தித்தானே அண்ணை விக்கிறாங்கள்?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். "அது கைக்குள்ள வெடிச்சுச் சிதறாது எண்டதுக்கு முத்திரை. ஒழுங்கா ஓடும் எண்டதுக்கு இல்லை" என்றார் அண்ணை.

சோறு அவிக்கும் மெசின் வாங்கப் போனாலும் இதே விசாரணைதான். கடையில் ஐந்து பெட்டியைத் திறந்து மூடியைப் பூட்டிப் பூட்டிப் பார்ப்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தூரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரு கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை நல்ல குடும்பம் என்று தரகர் சொல்ல, இவர் வாய் தவறி, "குடும்பம் சரி, எந்த வருஷத்துத் துண்டு?" என்று கேட்டுவிட்டாராம். அக்கா அந்தக் கதையைச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

ஒரு கோடையில் கிளப்பில் எல்லோரையும் உள்ளே விடும் நாள் ஒன்று வந்தது. நாங்களும் போனோம். பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு, சுடும் இடத்தைத் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிளப் புதிதாக இரண்டு கைத்துவக்கு வாங்கியிருந்தது. ஒரே கொம்பனி, ஒரே கடை, அடுத்தடுத்த இலக்கம். ஒன்று தண்ணீர்போல ஓடியது. மற்றது சில வெடிக்கு ஒருமுறை சுட்ட ரவையின் வெற்றுக்கோதைத் துப்பாமல் வாயில் கவ்விக்கொண்டு நின்றது. கொம்பனியே கெட்டுவிட்டது என்றார் ஒரு கிழவர். கொம்பனி நல்லது, இந்த ஒன்றுதான் பிழையாகப் பிறந்தது, திருப்பி அனுப்புவோம் என்றார் இன்னொருவர்.

அண்ணை இரண்டின் மகசினையும் கழற்றி, இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றிப் போட்டார். இப்போது நல்ல துவக்கு நின்றது, கெட்ட துவக்கு ஓடியது.

அவர் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். வெளியே வந்து எனக்கும் விளக்கினார். "பிழை எதோட போகுது எண்டு பாக்கவேணும் தங்கச்சி. முதல்ல மகசின். பிறகு ரவை, சிலதுக்குச் சில ரவை பிடிக்காது. பிறகு கை. கை தளந்தாலும் துவக்கு நிண்டுடும், சனம் துவக்கைத் திட்டும். துண்டைக் குற்றம் சொல்லுறது ஆகக் கடைசியில." சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து அக்காவின் சிவப்புக் குப்பியை எடுத்து அந்த மகசினின் அடியில் ஒரு பொட்டு வைத்தார்.

இதைக் கேட்டுவிட்டு ஒருவர் அவரைப் பெரிய நியாயக்காரர் என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் அவருடைய மகளை எனக்குத் தெரியும்.

அப்போது பதினாறு வயதுப் பிள்ளை. சில பின்னேரங்களில் என் பிள்ளைகளைத் தூக்கிவைத்திருக்க மேலே வருவாள். ஒரு நாள் நான் அவர்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, அவள் கணக்குப் பரீட்சையில் முதல் தர மதிப்பெண் எடுத்து வந்து சொன்னாள். ஜெர்மனியில் ஒன்றுதான் ஆகக் கூடியது.

"ஒருக்கால் நடுவில பட்டா அது அதிர்ஷ்டம்," என்றார் அண்ணை. "அடுத்தடுத்துப் படவேணும். அப்பதான் சொல்லலாம்."

"எப்ப அப்பா சொல்லுவீங்கள்?"

"இன்னும் ஓடட்டும், பாப்பம்."

"நான் என்ன துவக்கோ?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணை ஆகக் கூடச் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல் என் மடியிலிருந்து மூத்தவனை வாங்கித் தூக்கிக்கொண்டு யன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டு நான் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

இதைப் பார்த்த பிறகும் நான் என் பிள்ளைகளை அந்த மனுசனிடம் கொண்டுபோய் வைத்தேன். அதை எழுதக் கை கூசுகிறது.

பிள்ளைகளுக்கு மூன்று வயது நடந்தது. மூத்தவன் தமிழிலும் ஜெர்மனிலும் கதை அளந்தான். இளையவன் காட்டிக் கேட்பான், தலையாட்டுவான், சில சொல் சொல்வான். பிள்ளை வைத்தியர் காதைச் சோதித்தார், பழுதில்லை என்றார். இரண்டு மொழி, பொறுத்துப் பார்ப்போம் என்றார். நான் பொறுக்கவில்லை. நகப்பூச்சு எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு இளையவனோடேயே வளர்ந்திருந்தது. அவன் குவளை சிவப்பு, சப்பாத்து சிவப்பு, தொப்பி சிவப்பு. மூத்தவனுடையது நீலம். எனக்கு வசதி, கிண்டர்கார்டனிலும் வசதி. அங்கே அவர்கள் பெயரை மாறிச் சொல்லும் ஆசிரியைகள் நிறத்தை மாறிச் சொன்னதில்லை.

அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். அண்ணை குசினி மேசையில் நான்கைந்து வெற்று மகசினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வீட்டுக்குள் நிற்கும்போது துவக்கு வைத்த இரும்புப் பெட்டியைத் திறக்கவே மாட்டார், அதில் அவர் இரும்பைவிட இறுக்கம். பிள்ளைகள் நிலத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, உங்களுக்கு ரெண்டையும் பாத்தா என்ன தெரியுது?"

"என்ன தெரிய? ரெண்டு வானரம் தெரியுது."

"பகிடி விடாதேங்கோ. ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே சாப்பாடு. ஏன் அண்ணை இவன் மட்டும்..."

அவர் துணியைக் கீழே வைத்தார். குனிந்து இளையவனிடம், "தம்பி, உம்மட கார் எங்க போகுது?" என்று கேட்டார்.

"கடைக்குப் போகுது" என்றேன் நான்.

"உம்மைக் கேக்கேல்லை."

அண்ணை இன்னொருமுறை கேட்டார். இளையவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மூத்தவன், "ஊபான் ரெயினுக்குக் கீழ போகுது!" என்று கத்தினான். இளையவன் தலையாட்டினான்.

"ஆற்றை கை எண்டு பாத்தனீரோ?" என்றார் அண்ணை மெதுவாக.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. என்ன வந்தது எனக்கு என்று தெரியவில்லை, கேட்டேன்: "ஒண்டுக்குச் சிவப்பு வையுங்கோ எண்டு சொன்னா நீங்கள் எதுக்கு வைப்பியள்?"

அவர் பிள்ளைகளின் சப்பாத்தைப் பார்த்தார்.

"நீர் ஏற்கெனவே வைச்சிட்டீரே தங்கச்சி."

அதில் குத்தல் இல்லை. கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு மகசினைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நான் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு படி ஏறினேன்.

அடுத்த வருடம் அவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்த எங்கள் சனம் பலரும் அப்படிப் போன காலம். பிள்ளைக்கு இங்கிலிஷ் படிப்பு வேண்டும், சொந்தம் எல்லாம் லண்டனில் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். அங்கே கைத்துவக்கு வைத்திருக்கச் சட்டம் விடாது. அண்ணை தன்னுடைய இரண்டையும் கிளப்காரர் ஒருவருக்கு விற்றார். நாங்கள் சாமான் கட்ட உதவப் போனபோது மகசின்களை மேசையில் வரிசையாக வைத்து எண்ணெய்க் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். கிளப்பில் கண்டதல்ல, அவருடைய சொந்தத்தில் ஒன்றின் அடியிலும் மங்கிய சிவப்புப் பொட்டு.

"இதையும் குடுக்கப்போறியளோ? இது பிழையானதெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம், அது... வாங்கின புதுசில ரெண்டு மூண்டுதரம் நிண்டது."

"இப்பவும் நிக்குமோ?"

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். விரலால் உள்ளே தகட்டை அமுக்கினார். அது வழுக்கிக்கொண்டு இறங்கி ஏறியது.

"தெரியாது தங்கச்சி," என்றார். "பொட்டு வைச்சாப்பிறகு நான் அதைப் போட்டுப் பாக்கேல்லை."

அறைக்குள் மகள் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எத்தனையோ துவக்கை, மெசினை, மாப்பிள்ளையை விசாரித்த மனுசன் அன்றைக்குத்தான் என் கண்முன்னால் தலை குனிந்தார். பெருவிரல் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டத் தொடங்கினார். அது லேசில் போகவில்லை.

அவர்கள் போன பிறகு கீழ்வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணையோடு தொடர்பு குறைந்துவிட்டது. ஆனால் சென்ற மாதம் நான் செய்த காரியத்தை அவர்தான் எனக்குக் கற்பித்தார் என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயமா தெரியவில்லை.

பிள்ளைகள் வருகிற கோடைக்குப் பிறகு முதலாம் வகுப்புக்குப் போகவேண்டியவர்கள். கிண்டர்கார்டன் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு இருத்தி, மிகவும் அன்பாகத்தான் சொன்னார். மூத்தவன் போகலாம். இளையவன் இன்னும் ஒரு வருடம் இங்கேயே நின்றால் அவனுக்கு நல்லது. சப்பாத்துப் பூட்டவும் சேட்டுப் பொத்தான் போடவும் எப்போதும் உதவி தேவைப்படுகிறது, கேட்டால் பதில் வருவதில்லை. பள்ளிக்கூட வைத்தியர் பிள்ளைகளைச் சோதிக்கும் ரெர்மின் நாள் வரும்போது தன் அபிப்பிராயத்தையும் எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை இளையவனுக்கு நீல மேற்சட்டை போட்டேன், மூத்தவனுக்குச் சிவப்பு. சப்பாத்தையும் கிண்டர்கார்டனுக்குள் போடும் செருப்பையும் மாற்றிக் கொழுவினேன். "இண்டைக்கு ஒரு விளையாட்டு, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்கிக் கதவடியில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வேலையும் ஓடாமல் இருந்தேன். மகசினை மாற்றிப் போடுவதுபோலப் பிள்ளையை மாற்றிப் போட்டவள் நான்.

கூட்டிவரப் போனபோது ஆசிரியை வாசலில் நின்றார். சிவப்புச் சட்டையின் தலையைத் தடவிக்கொண்டே, "இவனுக்கு இன்றைக்கும் சப்பாத்துப் பூட்டிவிட வேண்டியிருந்தது, நீங்கள் வீட்டில் கொஞ்சம் பழக்குங்கள்" என்றார்.

அவர் தடவியது மூத்தவனின் தலை. நான்கு வயதிலேயே தானாகச் சப்பாத்துப் பூட்டியவன்.

வீதிக்கு வந்ததும் அவனைக் கேட்டேன், "ஏனடா நீ பூட்டேல்லை?"

"அம்மா, சிவப்புப் போட்டா எல்லாம் அவையே செய்து தருவினம்," என்றான், நல்ல கண்டுபிடிப்பைச் சொல்வதுபோல. "கேள்வி கேட்டிட்டு அவையே பதிலும் சொல்லுவினம்."

இளையவன் நீலச் சட்டையோடு எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். அவன் சப்பாத்து பூட்டியிருந்தது. இடதும் வலதும் மாறியிருந்தது. அவனே போட்டானா, யாராவது அவசரத்தில் போட்டுவிட்டார்களா? கேட்டேன். தோளைக் குலுக்கினான். எனக்குப் பதில் சொல்லாமல் அவன் குலுக்கினானா, பதில் சொல்ல நான் விடவில்லையா, அதுவும் தெரியவில்லை.

ஒருக்கால் நடுவில் பட்டால் அது அதிர்ஷ்டம் என்று அண்ணை சொல்வார். ஒரு நாளை வைத்து நான் எதையும் சொல்ல முடியாது. இளையவன் உண்மையிலேயே கொஞ்சம் மெதுவானவனாக இருக்கலாம். அவனை அவசரப்படுத்தி வகுப்பில் இருத்தினால் அங்கே இன்னும் பெரிய சிவப்பு வைப்பார்கள். மற்றப் பக்கம் பார்த்தால், அவன் மேலிருந்த சிவப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் அவனுக்குச் சப்பாத்துப் பூட்டினார்கள் என்றால், அதை வைத்தவளே நான்தான். முதல் பூட்டியவளும் நான்தான். இதை என் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. "டொக்ரர் சொல்லுறதைச் செய்வம், நீ சும்மா கிண்டிக்கொண்டிராதை" என்கிறார் அவர்.

போன கிழமை இரண்டு பேருக்கும் ஒரேமாதிரிச் சாம்பல்நிறச் செருப்பும் சட்டையும் வாங்கினேன். மூத்தவன் கவனிக்கவே இல்லை. இளையவன் அலுமாரியைத் திறந்து கீழ்த்தட்டு வரை தேடினான். பிறகு என்னிடம் வந்து, அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஆக நீளமான வசனத்தைச் சொன்னான்.

"அம்மா, என்ர சிவப்பை எங்க வைச்சனீங்கள்?"

அது கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் இருக்கிறது.

பள்ளிக்கூட வைத்தியரின் ரெர்மின் அடுத்த மாதம். இதை வாசிக்கிறவர்களில் இரட்டைப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். அந்த ஆசிரியையிடம் போய், உங்களை ஏமாற்றினேன், நீங்கள் தலை தடவியது மற்றவனை என்று சொல்லட்டுமா? சொன்னால் என்னைப் பற்றி என்ன எழுதுவார் என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் அவனைப் பற்றி எழுதப் போவதை நினைக்க அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பட்டுமா, ஒருவனை நிறுத்தட்டுமா? அவன் தேடுகிற அந்தச் சிவப்பைத் திருப்பிக் கொடுக்கட்டுமா? எனக்கு எழுதுங்கள். கடுமையாக எழுதினாலும் பரவாயில்லை.